ஒன்பதாம் தூணும் நான் சொல்லாத மூன்று நாளும்

கண்டிக்குப் பக்கத்தில் நான் இருந்த பத்து நாளில் நடந்தவை:

1. என்னோடு படித்த பூமணியின் வீட்டில் தங்கினேன். அவள் பொறுப்பில் இருக்கும் பழைய மாளிகையைப் பார்த்தேன்.
2. பார்த்த அன்றே பொறாமைப்பட்டேன்.
3. அட்டை மூன்று முறை கடித்தது. இரண்டு முறை இடது கால்.
4. ஒரு பஸ்ஸைத் தள்ளினேன்.
5. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்த மாளிகையில் ஒரு குறையைக் கண்டுபிடித்தேன்.
6. வெள்ளிக்கிழமை காலைவரை அதைப் பூமணியிடம் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் எல்லோரும் ஏரியைப் பற்றியும் யானையைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். ஏரி அழகாக இருக்கிறது. யானை குளிக்கும்போது பார்த்தேன், அதுவும் நன்றாக இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது ஐந்தாவதையும் ஆறாவதையும் பற்றி.

எங்கள் ஊரில் நாயக்கர் காலத்து மகால் ஒன்று உண்டு. அதன் சாவி குமாஸ்தா வீட்டு அலமாரியில் இருக்கும். அவர் வீட்டில் கல்யாணம் என்றால் மகாலுக்கும் விடுமுறை. தர்பார் மண்டபத்தில் ஒரு பக்கம் மிளகாய் காயும். தூண்களின் சுதையில் ஊரார் பெயர் கீறியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று குமாஸ்தாவின் தம்பி பெயர். இத்தனைக்கும் நடுவில் நான் அங்கே தற்காலிக வரைபடக்காரி. நான் அளந்து வரைவேன், வேறொருவர் கையெழுத்துப் போடுவார்.

சுதை உதிர்கிறது, ஜனங்களை உள்ளே விட்டால் ஆபத்து, பூட்டிவிடலாம் என்று பெரிய எஞ்சினீயர் எழுதிவிட்டார். பூட்டினால் எனக்கும் வேலை இல்லை. இலங்கையில் பழைய கட்டடங்களைத் திறந்து வைத்துக்கொண்டே காப்பாற்றுகிறார்களாம், போய்ப் பார்த்து ஒரு குறிப்பு எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். “குறிப்பு நன்றாக இருந்தால் பார்க்கலாம்” என்றார். மகாலைத் திறந்து வைப்பதையா, அதை என் பொறுப்பில் விடுவதையா, எதைப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. இரண்டும் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

பூமணி யாழ்ப்பாணத்துப் பெண். சென்னையில் கட்டட வரைபட வகுப்பில் நாங்கள் இருவர் மட்டுமே பெண்கள். கடைசிப் பரீட்சையில் நான் முதலாவது, அவள் மூன்றாவது. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

சனிக்கிழமை மழையில் வந்து இறங்கினேன். பேராதனையைத் தாண்டி, கலஹா போகும் பாதையில் பூமணி குடையோடு நின்றாள். குடை ஒன்றுதான். அதை எனக்குப் பிடித்துவிட்டு அவள் நனைந்தாள்.

“என்னடி கமலா, இப்பிடி மெலிஞ்சு போனாய்? இஞ்சை விடு, பெட்டியை நான் தூக்கிறன்.”

“நீதான் குண்டாயிட்டே.”

“ஓம். பொறுப்புக் கூடக்கூட உடம்பும் கூடுது.”

பொறுப்பு என்ற சொல் அன்றைக்கே குத்தியது. இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம், சொதி, இடித்த சம்பல். ஒரு வீட்டில் ஒரு வேளைக்கு இத்தனை தேங்காய் செலவழிவதை நான் கண்டதில்லை. எங்கள் வீட்டில் ஒரு மூடியை மூன்று நாள் வைத்துக்கொள்வோம். ஆறு இடியப்பம் சாப்பிட்டேன். அதையும் பொறாமைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாளிகையைக் காட்டினாள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வளவு என்றே எழுதுகிறேன். சிங்களப் பிரபுக்களின் வீட்டை அப்படித்தான் சொல்கிறார்கள். கண்டி இராசாக்கள் காலத்தில் கட்டிய வீடு. குடும்பத்தார் கொழும்புக்குப் போய்விட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒரு சபை அமைத்து, வாரத்தில் ஐந்து நாள் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். பூமணி அதன் பராமரிப்பாளர். ஒரு வருடமாகத் தற்காலிகம்.

நடுவில் உள்முற்றம். அதைச் சுற்றிப் பதினாறு வேங்கைமரத் தூண்கள். ஒவ்வொரு தூணிலும் தாமரை, அன்னம், கொடி என்று செதுக்கல். தூண்களின் மேல் மாடத்து நடை நாலு பக்கமும் ஓடுகிறது. மரம் தேன் நிறத்தில் இருந்தது. எங்கேயும் ஒரு பெயர்கூடக் கீறப்படவில்லை.

அன்று குறிப்புப் புத்தகத்தில் நான் எழுதிய பொறாமைகள்:

அ. சாவிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் மரச்சீட்டு.

ஆ. தூண்களுக்கு முன்னால் சிவப்புச் சாயம் ஏற்றிய தும்புக் கயிறு, பித்தளைக் கால்களில். ஜனங்கள் அதைத் தாண்டுவதில்லை. யாரும் அதட்டாமலே தாண்டுவதில்லை.

இ. களஞ்சிய அறையில் பன்னிரண்டு எண்ணெய்ச் சாடிகள். ஒவ்வொன்றிலும் மாதத்தின் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது.

ஈ. வந்து போகிறவர்கள் பாதணியை வரிசையாகக் கழற்றி வைக்கிறார்கள்.

உ. பதிவேடு.

பதிவேட்டை நான் அரை மணி நேரம் பார்த்தேன். இரண்டே பத்தி. குறை கண்ட நாள், குறைக்கு வேலை தொடங்கிய நாள். ஓடு நழுவியது, இன்று கண்டது, இன்றே ஏறியது. கூரைத் தண்ணீர் ஓடும் பீலி அடைத்தது, நேற்றுக் கண்டது, இன்று எடுத்தது. ஒரு வருடத்துப் பக்கங்களைப் புரட்டினேன். இரண்டு நாளுக்குமேல் எந்தக் குறையும் காத்திருக்கவில்லை. எங்கள் மகாலில் மேற்குப் பக்கத்து ஓட்டையை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எழுதிக் கொடுத்தேன். இப்போது அதில் புறா குடியிருக்கிறது.

“இந்தப் பதிவேடு யார் யோசனை?” என்று கேட்டேன்.

“என்ரைதான். ஏன், பிழையே?”

“இல்லை. நல்லா இருக்கு.”

“நீ நல்லா இருக்கு எண்டு சொல்லி நான் கேட்டதே இல்லையடி.”

சிரித்தாள். வகுப்பில் என் வரைபடத்தைப் பார்த்துத்தான் கோடு போடப் பழகியதாக அவளே சபைத் தலைவரிடம் சொல்லியிருக்கிறாளாம். எனக்கு அது பெருமையாக இருந்திருக்க வேண்டும். என் கோட்டைப் பார்த்துப் பழகியவளுக்கு மேசை, நாற்காலி, பதிவேடு, பதினாறு தூண். எனக்கு மிளகாய்.

திங்கட்கிழமை, பஸ் நிற்கும் இடத்தில் சாலி நானாவின் தேநீர்க்கடையில் உட்கார்ந்தேன். அறுபது வயது முஸ்லிம், நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்; பாட்டன் காலத்திலிருந்தே இந்த ஊர். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுவார். நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் சீனியை இரண்டு கரண்டி அதிகம் போட்டார்.

“அங்க சீனி கொறச்சலாமே புள்ள.”

“யார் சொன்னாங்க?”

“யாரும் செல்லல்ல. நீங்க குடிக்கிறதப் பாத்தா வெளங்குது.”

அப்போது முப்பது வயதிருக்கும் ஒரு சிங்களப் பெண் இடுப்பில் சிறு மண்குடத்தோடு நேராக வளவுக்குப் போனாள். திடமான நடை. அலுவலகப் படியில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். உள்ளே போகவில்லை.

“டிங்கிரி மெனிக்கே” என்றார் சாலி நானா. “எண்ணெப் பங்கு அவக்கு.”

அவர் விளக்கியது இது. வளவின் நிலம் பங்கு பங்காகக் குடும்பங்களிடம் இருக்கிறது. சிங்களத்திலும் அந்தச் சொல்லே. நிலத்துக்குக் குத்தகை கிடையாது. பதிலுக்கு ஆளுக்கொரு வேலை. ஒரு குடும்பம் ஓடு மாற்றும். ஒரு குடும்பம் முற்றம் பெருக்கும். டிங்கிரி மெனிக்கேயின் குடும்பத்துக்கு மாதம் ஒரு குடம் தொரண எண்ணெய். அது இங்கே காட்டில் எடுக்கும் மரத்தெண்ணெய்.

எனக்குப் பொறாமை உச்சிக்கு ஏறியது. எங்கள் மகாலுக்கு ஒரு குடம் சுண்ணாம்பு வேண்டுமென்றால் நான் நாலு விண்ணப்பம் எழுத வேண்டும். இங்கே எண்ணெய் தானாக நடந்து வருகிறது, படியில் உட்காருகிறது, சாடியில் ஏறிப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

அன்று மாலை பூமணிக்குச் சபையிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை சபையார் வந்து பார்ப்பார்கள், எல்லாம் சரியாக இருந்தால் அன்றே அவளை நிரந்தரமாக்குவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் மேல்மாடத்து நடையில் நின்று பாடுவார்கள். பூமணி கடிதத்தை மூன்று முறை வாசித்தாள். பிறகு எனக்கும் வாசிக்கத் தந்தாள்.

“என்ன, ஒண்டும் சொல்லாமல் இருக்கிறாய்?”

“சந்தோஷம்.”

“முகத்தில காணேல்லையே.”

“மழை” என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை, தூண்களை அளந்து வரைவதற்காக என்னைக் கயிற்றுக்கு உள்ளே விட்டாள். வெளியே பார்வையாளர் யாரும் இல்லை. மர வேலையைக் கண்டால் சிறு மரச்சுத்தியலால் தட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கம். வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. முதல் தூண் கணீரென்றது. இரண்டாவதும் அப்படியே. எட்டுவரை தட்டினேன். ஒன்பதாவது தொப்பென்றது.

மறுபடி தட்டினேன். முழங்கால் உயரத்தில் தொப். இடுப்பு உயரத்தில் தொப். அதற்கு மேலே சரி. பின்பக்கம், சுவரை ஒட்டி யாரும் பார்க்காத இடத்தில், கல் பீடத்திலிருந்து விரல் தடிப்பில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. கறையான். பையிலிருந்த நீளமான ஊசியை வைத்து அழுத்தினேன். புண்ணாக்கில் இறங்குவதுபோல் இறங்கியது. உற்றுப் பார்த்தால் மரமே வேறு. எப்போதோ மாற்றி, அதே செதுக்கலைப் போட்டிருக்கிறார்கள்.

குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: செவ்வாய், 11 மணி. தூண் 9. ஓசை வேறு. பின்புறம் கறையான். ஊசி நான்கு அங்குலம்.

எழுதி முடித்தபோது என் மனத்தில் இருந்தது கவலை அல்ல. அதைப் பட்டியலில் எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. கறையான் பூமணியின் தூணிலும் ஏறும் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சுகம். அவ்வளவுதான்.

பூமணி இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தாள்.

“எல்லாம் சரியே?”

“சரி” என்றேன்.

பிற்பாடு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள்: விருந்தாளி குறை சொல்லக்கூடாது. சபையார் வந்து போனபின் சொன்னால் அவளுக்கு வேலையும் நிற்கும், தூணும் நிற்கும். தூண் இத்தனை மாதம் நின்றது, இன்னும் நாலு நாள் நிற்காதா. இந்தக் காரணங்களில் ஒன்றாவது உண்மையாக இருந்திருந்தால் எனக்கு மூன்று காரணம் தேவைப்பட்டிருக்காது.

புதன்கிழமை கண்டிக்குப் போனேன். வளவிலிருந்து தள்ளி இருக்க வேண்டியிருந்தது. இராசசபை மண்டபத்தில் செதுக்கிய மரத்தூண்களைப் பார்த்தேன். கை சுத்தியலைத் தேடியது, பையைத் திறக்கவில்லை. இன்னொரு தூணைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டாம் என்றிருந்தது. ஏரிக்கரையில் கடலை வாங்கித் தின்றேன். எங்கள் ஊர்க் கடலை இதைவிட நன்றாக இருக்கும். அந்தப் பத்து நாளில் நான் நமக்கு வெற்றி கொடுத்தது அந்த ஒன்றில்தான்.

திரும்பும்போது ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. சாரதி இறங்கி முன்மூடியைத் திறந்தார், மூடினார், எங்களைப் பார்த்தார். உள்ளே பாதிப்பேர் தோட்டத்துப் பெண்கள், கலஹாப் பக்கம் தேயிலை எடுப்பவர்கள். ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

“வாங்கம்மா, நீங்களும் கைய வைங்க” என்று ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள். “தள்ளுறதுக்குத்தானே டிக்கட்டு வாங்கியிருக்கோம்.”

“ஒக்காந்து போறவங்களுக்கு வேற ரேட்டு” என்றாள் இன்னொருத்தி.

“எந்த ஊருங்க?”

“தஞ்சாவூர்ப் பக்கம்.”

“எங்க தாத்தா திருச்சிப் பக்கம்னு சொல்வாங்க. அங்கயும் பஸ்ஸத் தள்ளுவாங்களா?”

“தள்ளுவோம். இங்கே மாதிரிச் சிரிச்சுக்கிட்டுத் தள்ளமாட்டோம்.”

பஸ் கிளம்பியது. எங்களை விட்டுவிட்டே கொஞ்ச தூரம் போயிற்று. ஓடிப்போய் ஏறினோம். அங்கேதான் மூன்றாவது அட்டை ஏறியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒத்திகைக்கு வந்தார்கள். ஆசிரியை பத்துப் பேரை மட்டும் மேலே ஏற்றி, நாற்பது பேரும் நிற்க வேண்டிய இடத்தைச் சுண்ணாம்பால் குறித்தாள். மற்றவர்கள் முற்றத்தில் நின்று பாடினார்கள். சுண்ணாம்புக் குறிகளில் பதினான்கு, எட்டாம் தூணுக்கும் பத்தாம் தூணுக்கும் நடுவில். எண்ணிப் பார்த்துவிட்டு நான் எழுந்து கடைக்குப் போய்விட்டேன்.

கடையில் டிங்கிரி மெனிக்கே வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தாள். சாலி நானாவை வைத்து அவளிடம் கேட்டேன், ஒன்பதாம் தூண் எப்படிப்பட்டது என்று. தூணுக்கு எண் போட்டது பூமணி. டிங்கிரி மெனிக்கேக்கு எண் தெரியாது. முற்றத்தின் வடக்கு மூலைக்கு அடுத்தது என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவ கேக்குறா, அந்தக் குடிகாரத் தூணா எண்டு” என்றார் சாலி நானா.

“குடிகாரத் தூணா?”

அவள் சொல்லச் சொல்ல அவர் தமிழில் தந்தார். மற்றத் தூணெல்லாம் ஒரு சிரட்டை எண்ணெய் குடிக்கும். அது மட்டும் மூன்று சிரட்டை. கை வைத்துத் தேய்த்தால் துணி காய்ந்துவிடும். மரம் வேறு, எண்ணெய் இல்லாவிட்டால் கறையான் விடாது. முன்பெல்லாம் ஒவ்வொரு மாதமும் அதற்குத்தான் முதலில் தேய்ப்பார்கள், அடியிலிருந்து மேலே.

“இப்போ ஏன் தேய்க்கிறதில்லை?”

அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நீளமாகப் பேசினாள். சாலி நானா கொஞ்சம் தயங்கினார்.

“அவ செல்றா, எண்ணெ கொண்டு வாறது அவட பங்கு, கொண்டு வந்திரிக்கி. தேய்க்கிறதும் அவட பங்குதான். பூமணி நோனா கயிறு கட்டி, ‘கை வெக்க வேணாம், எண்ணெய மட்டும் படியில வெச்சிட்டுப் போங்க’ண்டு செல்லிட்டா. அதால வெச்சிட்டுப் போறா. பங்கத் தரமாட்டேண்டு செல்லல்ல. வாங்கமாட்டேண்டது அவங்கதானாம்.”

“பூமணியிடம் இதைச் சொல்லக்கூடாதா?”

பதில் சுருக்கமாக வந்தது. சாலி நானா சிரித்துவிட்டுச் சொன்னார்: “அவட கைய வேணாண்டவங்களுக்கு அவட வாய் மட்டும் என்னத்துக்காம்.”

பன்னிரண்டு சாடிகள். மாதத்தின் பெயர் எழுதி ஒட்டிய, ஒரு துளிகூடக் குறையாத பன்னிரண்டு சாடிகள். ஞாயிற்றுக்கிழமை நான் அவற்றின் முன்னால் நின்று பொறாமைப்பட்டிருக்கிறேன். நிரம்பியிருக்கிறதே, ஏன் நிரம்பியிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. கயிற்றைப் பார்த்தும் அப்படித்தான். பரீட்சையில் முதலாவது வந்தவளுக்குத் தோன்றவில்லை, மூன்றாவது வந்தவளுக்கும் தோன்றவில்லை. தொட்டால் தேயும் என்றுதான் இருவரும் படித்திருந்தோம். பூமணி செதுக்கல்களின் விளிம்பை அளந்து பார்த்து, தேய்வதைக் கண்டுதான் கயிறு கட்டியிருக்கிறாள். நானாக இருந்தாலும் கட்டியிருப்பேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போனபோது பூமணி சனிக்கிழமைக்கு உடுக்கும் சேலையை விரித்துப் போட்டு, “இது சரியே, மற்றது சரியே?” என்று கேட்டாள். பச்சை என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, அவள் அலுவலக நாற்காலியில் உட்காருமுன் சொன்னேன்.

“பூமணி, ஒன்பதாம் தூண் உள்ளே காலி. கறையான். நாளைக்குப் பிள்ளைகளை மேலே ஏத்தாதே.”

கயிற்றைத் தாண்டிப் போனாள். தட்டினாள், எட்டை, ஒன்பதை, பத்தை. பின்பக்கம் குனிந்து பார்த்தாள். என் ஊசியை வாங்கிக் குத்தினாள். எழுந்தபோது முழங்காலில் செம்மண் ஒட்டியிருந்தது.

“எத்தினை அங்குலம்?”

பழக்கத்தில் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அங்குலத்தைப் பார்க்கத்தான் கொடுத்தேன். அவள் வரியை முதலிலிருந்து வாசித்தாள்.

“செவ்வாய் எண்டு எழுதியிருக்கு.”

“ஆமாம்.”

“செவ்வாய் பதினொரு மணி. நான் தேத்தண்ணி கொண்டு வந்தனான்.”

“ஆமாம்.”

“எல்லாம் சரியே எண்டு கேட்டனான்.”

அவள் புத்தகத்தை மூடி என் கையில் வைத்தாள். பிறகு வேலையில் இறங்கினாள். ஓட்டுப் பங்குக் குடும்பத்துக்கு ஆள் அனுப்பி, பனைபோல் உறுதியான இரண்டு கித்துள் மரம் கொண்டுவரச் சொன்னாள். மத்தியானத்துக்குள் ஒன்பதாம் தூணின் இரு பக்கமும் முட்டுக் கொடுத்தாயிற்று. எடையைக் கணக்குப் போட்டது நான். ஆப்பு அடித்தது அவள். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. சாலி நானா மூலமாக டிங்கிரி மெனிக்கேயைப் பற்றி நான் கேட்டறிந்ததைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்தாள்.

“மூண்டு சிரட்டையா?”

“மூணு.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை” என்றாள். பிறகு, “நான் ஒருத்தரையும் கேக்கேல்லை” என்றாள். எழுந்து போய்க் கயிற்றைக் கழற்றினாள். சுருட்டிக் களஞ்சியத்தில் வைத்தாள். டிங்கிரி மெனிக்கேயின் வீட்டுக்குத் தானே நடந்து போனாள், மேட்டில், மழையில். திரும்பி வந்தபோது அவளோடு டிங்கிரி மெனிக்கேயும் வந்தாள், துணிமூட்டையும் சிரட்டையுமாக. சாடிகளைப் பார்த்ததும் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். பூமணியின் முகம் சிவந்தது.

“என்ன சொல்றாங்க?”

“ஊறுகாய் போட்டு வைச்சிருக்கிறியளோ எண்டு கேக்கிறா.”

மாலையில் பூமணி பதிவேட்டைத் திறந்தாள். குறை கண்ட நாள் என்ற பத்தியில் பேனா நின்றது.

“வெள்ளின்னு போடு” என்றேன். “நீ கண்டது வெள்ளிதானே.”

“குறையைக் கண்ட நாள் செவ்வாய். செவ்வாய் எண்டுதான் எழுதுவன்.”

“நாளைக்கு அவங்க பார்ப்பாங்க.”

“பாக்கத்தானே எழுதிறது.”

எழுதினாள். என் கோட்டைப் பார்த்துப் பழகிய கையெழுத்து, நேராக இருந்தது.

சனிக்கிழமை சபையார் வந்தார்கள். பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்திப் பாட வைத்தாள். மேலே நின்றால் நன்றாக இருந்திருக்கும் என்று ஆசிரியைக்கு மனக்குறை. பூமணி தலைவரை நேராக ஒன்பதாம் தூணுக்கு அழைத்துப்போய், முட்டுகளைக் காட்டி, கறையானைக் காட்டி, கயிறு கட்டியது தன் பிழை என்றாள். தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி, நிதானமானவர். தட்டிக் கேட்டார், தலையாட்டினார். பிறகு பதிவேட்டைக் கேட்டார். நான் செய்த அதே வேலையைச் செய்தார், பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

அவர்கள் பேசியது இங்கிலீஷில். அர்த்தம் இதுதான்.

“இது செவ்வாய்க்கிழமை கண்டது. முட்டுக் கொடுத்தது வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை பிள்ளைகள் மேலே ஏறியிருக்கிறார்கள்.”

“ஆம்.”

“இந்தப் புத்தகத்தில் வேறெதற்கும் மூன்று நாள் ஆகவில்லை.”

“ஆகவில்லை.”

“ஏன்?”

நான் பூமணிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கையில் குறிப்புப் புத்தகம் இருந்தது. வாயைத் திறந்தேன் என்றுதான் இன்றைக்கும் எனக்கு நினைவு. பூமணி முந்திக்கொண்டாள்.

“சரிபார்க்க நாள் எடுத்தது, ஐயா.”

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்து, இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளிக்கு வளவு பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன்.

சபையார் உள்ளே அரை மணி பேசினார்கள். தவறை மறைக்காமல் சொன்னதற்குப் பாராட்டு; மூன்று நாள் தாமதம் பிள்ளைகளின் உயிர் விஷயம் என்பதால், நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் தள்ளிவைப்பது என்று முடிவு. பூமணி வணங்கி ஏற்றுக்கொண்டாள். பச்சைச் சேலை அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். “ஏன் என்னைச் சொல்லலே?”

“உன்னைச் சொன்னால் அவையள் உன்ரை ஊருக்கு எழுதுவினம். பிறகு உன்ரை மகாலைப் பூட்டிப்போடுவாங்கள்.” கொஞ்சம் நடந்தாள். “கோவம் இல்லையெண்டு நினையாதை. இருக்கு.”

“தெரியும்.”

“நீ பொறாமைக்காரி எண்டு எனக்கு முதல் வருசமே தெரியுமடி. என்ரை அழிறப்பரை ஒளிச்சு வைச்சனீ.”

அது உண்மை. திங்கட்கிழமை கிளம்பும்போது குடையை எனக்குப் பிடித்தாள். இந்தத் தடவை தானும் குடைக்குள் வந்தாள்.

இன்றைய நிலைமை இது. என் குறிப்பு நன்றாக இருந்ததாகச் சொல்லி, மகாலைத் திறந்தே வைக்க அனுமதி வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு நிரந்தரமாகிவிட்டது. சாவி இப்போது மகாலிலேயே தொங்குகிறது. கயிறு கட்டவில்லை. பூமணியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: தூண் மாற்றியாயிற்று, புதியது வேங்கை, மெனிக்கே மாதம் தவறாமல் தேய்க்கிறாள், எனக்கு வேலை கிடைத்ததில் அவளுக்கு மிகவும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் உண்மையானது என்பது எனக்குத் தெரியும், அதன் மேலும் எனக்குப் பொறாமைதான். அவள் இன்னும் தற்காலிகம். சபைத் தலைவருக்கு நடந்ததை நடந்தபடி எழுதி நேற்றுத் தபாலில் போட்டேன். பதில் வரவில்லை. எங்கள் மகாலுக்கும் ஒரு பதிவேடு போட்டிருக்கிறேன், அவளுடையதைப் பார்த்து. குறை கண்ட நாள், வேலை தொடங்கிய நாள். மூன்றாவதாக ஒரு பத்தி நான் சேர்த்தது: கண்டவர் பெயர்.